எல்லோரும் இரண்டு வருடத்துக்குத்தான் வருகிறார்கள்

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் இரண்டு வருடத்துக்குத்தான் வந்திருப்பார்கள். வீட்டுக் கடன் அடைந்ததும், தங்கை கல்யாணம் முடிந்ததும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது வந்ததும் கிளம்பிவிடுவதாகத் திட்டம். அப்படியே கிளம்பியவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் தாவியவர்கள் உண்டு. அந்த இரண்டு வருடத்தைப் பத்து வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களும் உண்டு. பங்சார் சவுத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கணக்குப் பார்ப்பதைவிட ஆட்களை வழியனுப்புவதில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். யாராவது வேலையை விடப்போகிறார்கள் என்றால், மனிதவளப் பிரிவுக்குப் போவதற்கு முன்பே எனக்குத் தகவல் வந்துவிடும்.

இத்தனை பேரை அனுப்பி வைத்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. பிரிந்த பிறகு நட்பு நிற்பதற்கும், பிரியும்போது விட்ட கண்ணீருக்கும் சம்பந்தமே கிடையாது. ஒருவருக்கு இன்னொருவர் செய்துகொடுக்க வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருந்தால் நட்பு நிற்கிறது. பாக்கி எதுவும் இல்லாவிட்டால் அது வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்துப் படமாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றுபோகிறது. கறாரான பேச்சாகத் தோன்றலாம். கணக்குப் பிரிவுக்காரன் வேறு எப்படிப் பேசுவான்?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் இறங்குவது பிரிக்ஃபீல்ட்ஸில். கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, மளிகைக் கடை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் வரிசையாக இருக்கும். முதல் நாளே முருங்கைக்காய் கிடைத்துவிடுவதால், வெளிநாட்டுக்கு வந்த எண்ணம் வர ஒரு வாரம் ஆகும். அறைத் தோழர்களோடு நட்பு மளமளவென்று வளரும். சிம் கார்டு வாங்கித் தர ஓர் ஆள், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ கார்டில் பணம் போடச் சொல்லித் தர ஓர் ஆள், வங்கிக் கணக்கு தொடங்கும்வரை கைமாற்றுத் தர ஓர் ஆள் என்று எல்லோருக்கும் எல்லோரும் தேவைப்படுகிறார்கள். ஊரில் பத்து வருடம் பழகினாலும் வராத நெருக்கம் இங்கே ஒரு மாதத்தில் வந்துவிடும். சம்பளம் உயர்ந்து தனி வீடு பார்த்துப் போன பிறகு, அதே ஆட்கள் மூன்று ரயில் நிலையம் தள்ளி இருந்துகொண்டு மாதக்கணக்கில் சந்திக்காமல் இருப்பார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்கும் பிரிவு அது. அதற்கு யாரும் விருந்து வைப்பதில்லை.

என் வட்டத்தில் அதற்குத் தப்பிய கூட்டம் ஒன்று உண்டு: புதன்கிழமை பேட்மின்டன் கூட்டம். லீ சோங் வெய் மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய நாடு இது. இங்கே உள்ளரங்க ஆடுகளங்கள் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். சாயங்கால மழைக்கும் பயமில்லை. நாங்கள் ஒரு களத்தை வாராவாரம் அதே நேரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறோம். தொடங்கியபோது ஆடிய நால்வரில் இன்று நான் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. காரணம் பாசமெல்லாம் இல்லை. முன்பணம் கட்டியிருக்கிறோம், நான்கு பேர் வராவிட்டால் இரட்டையர் ஆட்டம் ஆட முடியாது. ஆகவே கிளம்புகிறவர் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டு வந்து விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது தானாகவே வழக்கமாகிவிட்டது. அப்படி வந்தவர்கள்தான் என் அலுவலகச் சீனத் தோழரும், செந்தூலில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பரும். நண்பர்கள் வேண்டுமென்றால் நண்பர்களைத் தேடாதீர்கள், வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், ஓர் இடம் பிடித்து வையுங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லுவேன். கோயிலில் தேவாரம் பாடும் குழுவானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டானாலும் சரி. ஆள் மாறினாலும் நேரம் மாறாத ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி, நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பகுதிக்கு வருகிறேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். நம்மிடம் சிரித்துப் பேசுவார்கள், வழி சொல்லுவார்கள், பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள். அதற்கு மேல் ஒரு படி ஏறவிட மாட்டார்கள். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு நமக்குள்ளேயே கூடிக்கொள்கிறோம். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணன், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், ஒருநாள் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகங்களுக்கு இங்கே அதுதான் பெயர்) தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றிக்கொண்டே காரணத்தைச் சொன்னார். "தம்பி, உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோருமே நல்ல பிள்ளைகள்தான். ஒவ்வொருவரோடும் பழகி, பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து, பிறகு சாவியை வாங்கி வைத்துக்கொண்டு டாட்டா காட்ட வேண்டும். எத்தனை தடவை?" அவர் சலித்துக்கொள்ளவில்லை. செலவுக் கணக்குச் சொல்லுவது போலத்தான் சொன்னார்.

போகிறவனுக்குப் புது ஊர், புது வேலை, புது சாமான் என்று கை நிறைய இருக்கிறது. இருக்கிறவனுக்கு ஒரு காலி வீடு. நம் பேச்சு எப்போதும் போகிறவனின் ஏக்கத்தைப் பற்றியே இருப்பதால் இந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை.

அண்ணனுக்கு இதில் பழைய கணக்கு வேறு இருக்கிறது. அவருடைய குடும்பம் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. இங்கேயே பிறந்தவர்கள்கூட, தாள் சரியாக இல்லாத காரணத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் கப்பலேறின. அண்ணனின் அக்கா கணவருக்குச் சிவப்பு அட்டை, அண்ணனுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. அக்கா குடும்பம் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய்விட்டது. அக்கா அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

அக்காவும் தம்பியும் அதன்பின் நேரில் பார்த்துக்கொண்டது சொற்பம். ஆனாலும் தொடர்பு அறவில்லை. எப்படி என்று கேட்டேன். "அக்கா ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்" என்றார். கோடாலித் தைலம் அனுப்பு, மைலோ டின் அனுப்பு, இந்தப் பையனின் ஜாதகத்தை அங்கே யாரிடமாவது காட்டு. இவர் பதிலுக்கு வேட்டி, பித்தளை விளக்கு, மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் சேலை என்று எழுதுவார். நலம் விசாரித்து எழுதிய கடிதம் ஒன்றுகூட நினைவில்லையாம், சாமான் பட்டியல்தான் நினைவிருக்கிறதாம். அக்காவின் பிள்ளைகளும் இவர் பிள்ளைகளும் ஃபேஸ்புக்கில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பேச்சும் இல்லை.

உள்ளூர்க்காரர்களோடு பழக விரும்புகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனைதான் உண்டு. ஒரு தீபாவளிக்காவது ஊருக்குப் போகாமல் இருங்கள். இங்கே தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும். மலாய்க்காரர், சீனர், அலுவலக மேலாளர், தெருக்காரர் என்று எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு ஊதா நிற உறையில் பணம் கொடுப்பார்கள். வீடு திறந்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் நாம் திருச்சி விமானத்தில் இருக்கிறோம், பிறகு திரும்பி வந்து, இவர்கள் யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று குறைப்படுகிறோம். அதேபோல்தான் தைப்பூசம். பத்துமலையின் 272 படிகளையும் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் யாரும் பழக்கமாகிவிட மாட்டார்கள். வெள்ளி ரதம் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் போகும் வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பார்கள். அண்ணன் ஆட்கள் போடும் பந்தலில் போய் நின்றேன். இரவு முழுக்க வெங்காயம் உரிக்கக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டு அடுப்படிவரை எனக்கு அனுமதி கிடைத்தது.

சரி, கிளம்புவதற்கு வருவோம். மனிதர்களோடு செலவிட வேண்டிய கடைசி மாதத்தைத் தாள் வேலை தின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்க வேண்டுமானால் தாள் வேலையை முன்னதாகவே முடிக்க வேண்டும். வேலை விட்டு நாட்டைவிட்டே போகும் வெளிநாட்டு ஊழியர் விஷயத்தில், நிறுவனம் சிபி21 என்ற படிவத்தை வருமான வரி வாரியத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள் வரை, அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். சட்டம் அப்படி. கடைசிச் சம்பளம் கையில் வராது என்பது பலருக்குக் கடைசி மாதத்தில்தான் தெரிகிறது. பெட்டி வாங்க, அதிகச் சுமைக்குக் கட்ட, நண்பர்களுக்குச் சாப்பாடு போட எல்லாவற்றுக்கும் கடன் கேட்டு நிற்பார்கள். விடைபெறப் போன வீட்டில் கைமாற்றுக் கேட்பதைப் போலச் சங்கடம் வேறில்லை. இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

கிளம்பும் தேதியையும் பார்த்து வையுங்கள். ஒரு வருடத்தில் 182 நாளாவது இருந்தவருக்கே குடியிருப்பாளர் வரி விகிதம், மற்றவர்களுக்குச் சம்பளத்தில் 30 விழுக்காடு. முந்தைய வருடத்தோடு தொடர்ச்சியாகத் தங்கியிருந்தால் விதிவிலக்கு இருப்பதால், பிப்ரவரி மார்ச்சில் கிளம்புகிறவர்கள் பயந்துவிடாமல் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதிப் பிடித்தம் (நம்மூர் பி.எஃப். மாதிரி) வந்துவிட்டது. ஊழியர் 2 விழுக்காடு, நிறுவனம் 2 விழுக்காடு. நாட்டைவிட்டுப் போகும்போது அந்தத் தொகையை எடுக்க விண்ணப்பிக்கலாம்.

வீட்டு முன்பணம் வழக்கமாக இரண்டு மாத வாடகை. மின்சாரம், தண்ணீருக்கு மேலும் அரை மாதம். குடியேறிய அன்றே சுவர் விரிசல், குளியலறைக் கறை, ஏர்கான் ஒழுகல் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். கிளம்பும் நாளில் வாய்ச்சண்டை இருக்காது. ஒப்பந்தம் எழுதும்போதே, வேலை போனாலோ நாடு மாறினாலோ இரண்டு மாத அறிவிப்போடு விலகலாம் என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே அது பழக்கமான பிரிவுதான், கேட்டால் சேர்ப்பார்கள். நமக்குக் கேட்கத்தான் கூச்சம். முன்பணமும், திரும்பி வர வேண்டிய வரிப் பணமும் நீங்கள் போன பிறகு இங்குள்ள வங்கிக் கணக்கில்தான் வந்து விழும், அதை எடுக்க வேண்டிய கடவு எண் இங்குள்ள கைப்பேசிக்குத்தான் வரும். ஆகவே சிம் கார்டைத் தூக்கி எறியாமல், ப்ரீபெய்டுக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள். கடிதங்களுக்கு இங்கே இருக்கும் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். அந்த ஒருவர் யார் என்று யோசிக்கும்போதுதான் உங்களுக்கு இந்த ஊரில் நண்பர் யார் என்பது தெரியவரும்.

விடைபெறும் விருந்துகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருபது பேர் ஒரு நீள மேசையில் உட்கார்ந்தால் பக்கத்து ஆளோடு மட்டும்தான் பேச முடியும். கிளம்புகிறவர் படத்துக்கு நின்றே களைத்துவிடுவார். கடைசியில் பில்லைப் பிரிப்பதில் கால் மணி நேரம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அலுவலகத்துக்காக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானவர்களைத் தனித்தனியாக, வழக்கமாகச் செய்யும் காரியத்திலேயே பாருங்கள். சந்தைக்குப் போகிறவரோடு சந்தைக்கு, கோயிலுக்குப் போகிறவரோடு கோயிலுக்கு. யாழ்ப்பாணத்து நண்பருடன் வேலை பார்த்த பிலிப்பினோ தோழி, மணிலாவுக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம் தன் மளிகைப் பட்டியலோடு எங்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு சௌகிட் சந்தைக்குப் போனார். கருவாடு பேரம் பேசிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

விமான நிலையம் இன்னும் மோசம். நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். வழியனுப்ப வருகிறவருக்கு அதே செலவு திரும்பி வரவும் ஆகும். அங்கே போனதும் பெட்டி எடை கூடி, பாதிச் சாமானைத் தரையில் பரப்பி, ஊறுகாய்ப் பாட்டில் போகட்டுமா மிக்ஸி ஜார் போகட்டுமா என்று மூச்சு வாங்கும் மனிதனிடம் என்ன பேச முடியும்? ரயில் நிலையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு விமானமென்றால் பக்கத்தில் விடியவிடியத் திறந்திருக்கும் மாமாக் கடை ஒன்றில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, அங்கிருந்தே கையசைக்கலாம்.

மாமாக் கடை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தெருமுனைக் கடையில் ராமநாதபுரம் மாவட்டத்துத் தம்பி ஒருவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். என் தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும், அவர் மகளுக்கு எத்தனையாவது வகுப்பு என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஆளைக் காணோம். அனுமதிக் காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாக வேறொரு பையன் சொன்னான். போவது அவருக்கே கடைசி இரண்டு நாளில்தான் உறுதியாயிற்றாம். நாமெல்லாம் திட்டமிட்டு, படிவம் நிரப்பி, கேக் வெட்டிப் பிரிகிறோம். அதே ஊரிலிருந்து வந்து, அதே மொழி பேசி, நமக்குச் சோறு போட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர்களிடம் கைப்பேசி எண்ணைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

போன பிறகு என்ன? மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஊரில் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேச உட்காரும்போது இங்கே எனக்குத் தூக்கம் சொக்கும். சும்மா பேசலாம் என்று வைத்துக்கொண்டால் நடக்காது. நான் ஏதாவது வேலை கொடுப்பேன். சென்னைக்குப் போன நண்பர் என் அம்மாவின் ஓய்வூதியச் சான்றிதழ் விஷயத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு வந்த வரிக் கடிதங்களை நான் பிரித்துப் படித்துச் சொல்கிறேன். பெர்த்தில் இருப்பவரின் பழைய கார் மேல் வந்த போக்குவரத்து அபராதத்துக்காக மூன்று மாதம் அலைந்தேன். அந்த மூன்று மாதத்தில் பேசியதுபோல் இங்கே இருந்த காலத்தில்கூட நாங்கள் பேசியதில்லை. உதவி கேட்டால் தொந்தரவாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள்தான் முதலில் தொலைந்துபோகிறார்கள். என் அனுபவத்தில் தொந்தரவு செய்தவர் யாரும் தொலையவில்லை. சிலர் தொலைந்தால் தேவலை என்று இருக்கும், அது வேறு.

அடுத்த மாதம் எங்கள் பேட்மின்டன் கூட்டத்திலிருந்து இன்னொருவர் மனைவி, பிள்ளையோடு ஊர் திரும்புகிறார். சிபி21 போய்விட்டது, முகவரி என்னுடையது, புதன்கிழமைக்கு ஆளும் பார்த்துக் கொடுத்துவிட்டார். பாக்கி இருப்பது அவர் வீட்டு மாவு கிரைண்டர். கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் கைச்சுமையாகத் தூக்கி வந்தது, இங்கத்திய சுவர்த் துளைக்குப் பொருந்தாமல் பிளக்கை வெட்டி மூன்று சதுரக் கால் பிளக் மாட்டியது. கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக இன்னொருவருக்குக் கொடுத்து வந்ததில், முதல் சொந்தக்காரர் யாரென்றே இப்போது தெரியவில்லை. நான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், என் வீட்டில் மாவு வாங்கித்தான் பழக்கம். யாழ்ப்பாணத்து நண்பர் தோசைக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறார். கீழ்வீட்டு அண்ணனும் கேட்கிறார். அவருக்கே கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம், அவர் எங்கும் போகப்போவதில்லை என்பதுதான். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கல் தேய்ந்துவிட்டது, கொத்திக் கொடுக்க ஆள் பிடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறவர் விமானம் ஏற வேண்டும்.